உறைந்த காயலைக் கடந்த குதிரைகள்: டிரக்கேனர் இனத்தின் வரலாறு

குதிரை என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரபுக் குதிரைதான். பாலைவனத்தின் வெயிலையும் பசியையும் தாங்கிய உடல், அகன்ற கண்கள், உயர்த்திய வால் என அதன் தோற்றமே தனி. அந்த அரபுக் குதிரையின் இரத்தம் பனி உறையும் வட ஐரோப்பாவில், பால்டிக் கடலோரச் சதுப்பு நிலத்தில், வேறொரு குதிரை இனத்துக்குள் போய்க் கலந்தது. அந்த இனத்தின் பெயர் டிரக்கேனர். ஜெர்மானியக் குதிரை இனங்களில் புகழ்பெற்றது இது. இதன் பிறந்த மண் இன்று ஜெர்மனியிலேயே இல்லை.

ஊரை இழந்தும் ஓர் இனம் எப்படி உயிரோடு இருக்கிறது? இந்தக் கேள்விக்கான பதிலில் குதிரைகளைப் பற்றிய செய்தி மட்டுமல்ல, மனிதர்களுக்கான பாடமும் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

வெப்ப இரத்தக் குதிரை என்றால் என்ன?

குதிரை வளர்ப்பவர்கள் குதிரைகளைச் சூடான இரத்தம், குளிர்ந்த இரத்தம், வெப்ப இரத்தம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். இதைக் கேட்டு இரத்தத்தின் வெப்பநிலையே மாறுபடும் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ்தான். இந்தப் பெயர்கள் உடலமைப்பையும் சுபாவத்தையும் குறிப்பவை.

அரபுக் குதிரையும், ஆங்கிலேயர்களின் பந்தயக் குதிரையான தரோபிரெட்டும் சூடான இரத்தக் குதிரைகள். வேகமும் துடிப்பும் எளிதில் கிளர்ந்தெழும் குணமும் அவற்றுக்கு உண்டு. ஏர் உழவும் பாரம் இழுக்கவும் ஐரோப்பிய விவசாயிகள் வைத்திருந்த, தடித்த கால்களும் நிதானமும் கொண்ட பெரிய குதிரைகள் குளிர்ந்த இரத்தக் குதிரைகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை வெப்ப இரத்தக் குதிரைகள். சவாரிக்கும் வண்டிக்கும் படைக்கும் ஏற்றவை. ஹனோவர், ஹோல்ஸ்டைன், ஓல்டன்பர்க், டிரக்கேனர் ஆகியவை ஜெர்மனியின் முக்கியமான வெப்ப இரத்த இனங்கள். இவற்றுள் உடல் இலகுவானதும், சூடான இரத்தத்துக்கு மிக நெருக்கமானதும் டிரக்கேனர்தான்.

சதுப்பு நிலத்தில் ஒரு குதிரைப் பண்ணை

கிழக்கு பிரஷ்யா என்பது பால்டிக் கடலோரமாக அமைந்திருந்த ஜெர்மானியப் பகுதி. நெடுங்காலமாக அங்கே ‘ஷ்வைக்கே’ என்ற நாட்டுக் குதிரை இருந்தது. உருவத்தில் சிறியது, ஆனால் கடுங்குளிரையும் குறைந்த தீவனத்தையும் தாங்கக்கூடியது. உள்ளூர் விவசாயிகளுக்கு உழைத்துக் கொடுத்தது அதுதான்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவை ஆண்டவர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம். ‘சிப்பாய் மன்னர்’ என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பெரிய படையை வளர்த்தவர். செலவில் மிகவும் கறாரானவர். படைக்கும் அரண்மனைக்கும் வேண்டிய குதிரைகளை வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்குவதை அவர் விரும்பவில்லை. நாட்டுக்குள்ளேயே நல்ல குதிரைகளை உருவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் டிரக்கேனன். பிஸ்ஸா என்ற சிற்றாற்றின் ஓரத்தில் இருந்த சதுப்பு நிலம் அது. படைவீரர்களைக் கொண்டு கால்வாய்கள் வெட்டி, நீரை வடித்து, சில ஆண்டு உழைப்பில் அதை மேய்ச்சல் நிலமாக மாற்றினார்கள். அரசரின் பல பண்ணைகளில் சிதறிக் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டன. 1732இல் பண்ணை முறையாகத் தொடங்கியது. டிரக்கேனர் என்ற பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் முதல் 50 ஆண்டுகளில் பெரிய முன்னேற்றம் எதுவும் ஏற்படவில்லை. அடுத்து வந்த இரண்டாம் ஃபிரெடரிக் மன்னருக்கு அந்தப் பண்ணை ஒரு வருமானத் துறை, அவ்வளவுதான். அரண்மனை வண்டிகளுக்கு நல்ல குதிரைகள் கிடைத்தன, எஞ்சியவை விற்கப்பட்டன. எந்தக் குதிரையை எதனுடன் சேர்ப்பது என்பதில் நிலையான திட்டம் இல்லை.

கண்டிப்பான ஒரு நிர்வாகி

1786இல் இரண்டாம் ஃபிரெடரிக் இறந்தார். அதுவரை மன்னரின் தனிச்சொத்தாக இருந்த டிரக்கேனன் அரசாங்கத்தின் சொத்தானது. பொறுப்பேற்றவர் கார்ல் லிண்டனாவ் பிரபு. அவர் முதலில் செய்த வேலை குதிரைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்ததுதான். குறையுள்ளவை இனப்பெருக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆண் குதிரைகளில் மூன்றில் இரண்டு பங்கும், பெண் குதிரைகளில் மூன்றில் ஒரு பங்கும் இப்படி வெளியேற்றப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மந்தையை இப்படிக் கழிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். எண்ணிக்கையை விடத் தரம் முக்கியம் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

இரண்டாவதாக, அரசுப் பண்ணையின் தேர்ந்த ஆண் குதிரைகளைச் சுற்றுவட்டார விவசாயிகளின் பெண் குதிரைகளுக்கும் கிடைக்கச் செய்தார். நல்ல வம்சம் அரண்மனை மதிலுக்குள் முடங்காமல் உழவர் வீட்டுத் தொழுவம் வரை போய்ச் சேர்ந்தது. பின்னாளில் இந்த இனத்தைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். அதைப் பின்னர் பார்ப்போம்.

மூன்றாவது, முத்திரை. 1787 முதல் டிரக்கேனன் பண்ணைக் குதிரைகளின் வலது பின்தொடையில் ஏழு முனைகள் கொண்ட ஒரு கொம்பின் வடிவம் சூட்டுக்குறியாக இடப்பட்டது. கிழக்கு பிரஷ்யக் காடுகளில் வாழ்ந்த ‘எல்க்’ என்ற பெரிய மானின் கொம்பு அது. பிற்காலத்தில், விவசாயிகளிடம் பிறந்த அதே இனக் குதிரைகளுக்கு இடது தொடையில் இரட்டைக் கொம்பு முத்திரை வந்தது. ஒற்றைக் கொம்பு என்றால் அரசுப் பண்ணை, இரட்டைக் கொம்பு என்றால் உழவர் வீடு.

ஹலபிலிருந்து வந்த இரத்தம்

நாட்டுக் குதிரையிடம் தாங்கும் சக்தி இருந்தது. வேகமும் நளினமும் எங்கிருந்து வந்தன? கிழக்கிலிருந்துதான்.

19ஆம் நூற்றாண்டில் டிரக்கேனனில் அரபு ஆண் குதிரைகளும் ஆங்கிலேய தரோபிரெட் குதிரைகளும் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டன. இதில் தரோபிரெட்டும் அடிப்படையில் கீழைநாட்டு வம்சமே. உலகத்திலுள்ள தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றின் தந்தைவழியும் மூன்று குதிரைகளில் போய் முடிகிறது. மூன்றுமே கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ‘டார்லி அரேபியன்’ சிரியாவின் ஹலப் நகரத்தில் வாங்கப்பட்டு 1704இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஆக, அரபுக் குதிரையின் இரத்தம் நேராகவும் இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டும் இரண்டு வழிகளில் டிரக்கேனனுக்கு வந்து சேர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ‘பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்ற தரோபிரெட் வாங்கப்பட்டது. சில ஆண்டுகளே அது அங்கு வாழ்ந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற குட்டிகள் இனத்தின் போக்கையே மாற்றின. அவற்றுள் 1905இல் பிறந்த ‘டெம்பல்ஹூட்டர்’ மிகப் பெரிய பெயர் எடுத்தது. 1932இல் பண்ணையின் 200ஆவது ஆண்டு நிறைவின்போது, பண்ணைத் தலைவரின் மாளிகைக்கு முன் டெம்பல்ஹூட்டருக்கு ஆளுயர வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. 1930களிலும் போலந்தில் பிறந்த ‘ஃபெட்டிஷ்’ என்ற அரபுக் குதிரை இந்த இனத்துக்குள் புதிய இரத்தத்தைக் கொண்டுவந்தது.

இன்றும் இந்த இனத்தின் வாசல் குறுகலானது. டிரக்கேனர் தவிர தரோபிரெட், அரபு, இவற்றின் கலப்பான ஆங்கிலோ அரபு, ஹங்கேரி வழி வந்த ஷாகியா அரபு ஆகியவற்றைத்தான் அதன் வம்சப் பதிவேடு ஏற்கிறது. மற்ற ஜெர்மானிய இனங்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலந்துகொள்ளும்போது டிரக்கேனர் மட்டும் இந்த வரம்பைக் கடைப்பிடித்து வருகிறது.

பரிசோதனை இல்லாமல் பட்டம் இல்லை

வம்சாவளி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், உழைத்துக் காட்டாத குதிரைக்கு டிரக்கேனனில் மதிப்பு இல்லை. இளம் குதிரைகள் சேணம் பூட்டப்பட்டு, வேட்டை நாய்களின் பின்னால் வேலிகளையும் நீர்க்கால்வாய்களையும் தாண்டி ஓடவேண்டும். சதுப்பு நிலத்தை வடிக்க அன்று வெட்டிய கால்வாய்கள் இப்போது சோதனைக் களமாயின. ஆண் குதிரைகளுக்கென்று 1926இல் ட்ஸ்வியோன் என்ற இடத்தில் தனிச் சோதனை நிலையமே தொடங்கப்பட்டது. சவாரி, வண்டி இழுத்தல், தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறினால்தான் அது தந்தைக் குதிரையாக முடியும்.

இதன் பலன் உலக அரங்கில் தெரிந்தது. செக் நாட்டின் பர்துபிட்ஸே நகரில் நடக்கும் கடினமான தடைதாண்டும் ஓட்டப் பந்தயத்தில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒன்பது முறை இந்த இனக் குதிரைகள் வென்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ‘கிரோனோஸ்’ என்ற குதிரை, சவாரிக்காரரின் சைகைக்கேற்ப நடையழகு காட்டும் ‘டிரெசாஜ்’ போட்டியில் தங்கம் வென்றது. ‘நுர்மி’ என்ற குதிரை மூன்று நாள் பல்திறன் போட்டியில் தங்கம் வென்றது.

அந்தக் காலத்தில் டிரக்கேனன் பண்ணை ஏறத்தாழ 6,000 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கிளைப் பண்ணைகள் எல்லாம் கொண்ட ஒரு சிறிய நகரம் என்றே சொல்லலாம். பெண் குதிரைகளை நிறம் வாரியாகப் பிரித்து வெவ்வேறு மந்தைகளாக மேய்த்தார்கள். கறுப்பு ஒரு மந்தை, செந்நிறம் ஒரு மந்தை, பழுப்பு ஒரு மந்தை. அதற்கு வெளியே கிழக்கு பிரஷ்யா முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இந்த இனத்தை வளர்த்தார்கள். வாரம் முழுக்க ஏர் இழுத்த குதிரையே ஓய்வுநாளில் குடும்பத்தை வண்டியில் அழைத்துச் சென்றது.

உருவமும் குணமும்

டிரக்கேனரின் உயரம் பொதுவாக தோள்மேட்டில் 160 முதல் 170 சென்டிமீட்டர் வரை. நெற்றி அகன்று, மூக்குப் பகுதி ஒடுங்கி, கண்கள் பெரியதாக இருக்கும். தலையைப் பார்த்தாலே அரபு மூதாதையர் நினைவுக்கு வருவார்கள். நீண்ட கழுத்து, சாய்ந்த தோள், உறுதியான பின்பகுதி, கடினமான குளம்புகள் ஆகியவை மற்ற அடையாளங்கள். பழுப்பு, செந்நிறம், கறுப்பு, சாம்பல் ஆகிய நிறங்கள் உண்டு. வெள்ளைத் திட்டுகள் கொண்டவையும் இருக்கின்றன.

அதன் ஓட்டத்தை வைத்தே இனம் கண்டுகொள்பவர்கள் உண்டு. ஒவ்வோர் எட்டுக்கும் நடுவே ஒரு கணம் தரையைத் தொடாமல் மிதப்பது போலத் தோன்றும்.

குணத்தைப் பொறுத்தவரை இது கூர்மையான அறிவும் மென்மையான உணர்வும் உடையது. சவாரிக்காரரின் சிறு அசைவையும் புரிந்துகொள்ளும். அதனாலேயே முரட்டுக் கைகளுக்கு இது ஒத்துவராது. அடித்துப் பணியவைக்க முயன்றால் பயமும் பதற்றமும் கூடும். பொறுமையாகப் பழகினால் கடைசிவரை கூட நிற்கும். எந்த அளவுக்குக் கூட நிற்கும் என்பதை 1945 காட்டியது.

உறைந்த காயல்

இரண்டாம் உலகப் போரை ஹிட்லரின் ஜெர்மனி தொடங்கியது. சோவியத் மண்ணில் அதன் படைகள் செய்த கொடுமைகள் ஏராளம். 1944இல் காற்று திசைமாறியது. சோவியத் படை கிழக்கு பிரஷ்யாவின் எல்லைக்கு வந்தது. ஆனால் அந்த மாகாணத்தின் நாஜித் தலைவர் எரிக் கோக், மக்கள் வெளியேறுவதைத் தடைசெய்தார். வெளியேறத் தயாராவதே தோல்வி மனப்பான்மை, துரோகம் என்று மிரட்டினார்.

டிரக்கேனன் பண்ணைக்கு வெளியேறும் உத்தரவு 1944 அக்டோபர் 17ஆம் தேதி விடியற்காலையில்தான் வந்தது. பண்ணையின் கடைசித் தலைவர் எர்ன்ஸ்ட் ஏலர்ட். சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 800 குதிரைகள் கால்நடையாக மேற்கு நோக்கி ஓட்டிச் செல்லப்பட்டு, பின்னர் ரயிலேற்றப்பட்டன. 200 ஆண்டுகளுக்கு மேல் இருந்த பண்ணை ஒரே நாளில் காலியானது. ஆனாலும் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலேயே தங்கவைக்கப்பட்டதால், அடுத்த ஆண்டு சோவியத் படையிடம் அகப்பட்டு ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

விவசாயிகளின் கதை வேறு. அவர்களுக்கு ரயில் இல்லை. 1945 ஜனவரி நடுவில் சோவியத் தாக்குதல் தொடங்கியது. ஜனவரி இறுதிக்குள் மேற்கே செல்லும் தரைவழி துண்டிக்கப்பட்டது. மிஞ்சியது ஒரே வழிதான். விஸ்டுலா காயல். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த நீண்ட நீர்ப்பரப்பு கடுங்குளிரில் உறைந்திருந்தது. அதன் மேல் நடந்து அக்கரையிலுள்ள மணல்திட்டை அடைந்தால், அங்கிருந்து டான்சிக் நகரத்தை நோக்கிப் போகலாம்.

ஆண்கள் பெரும்பாலும் போர்முனையில். வண்டி ஓட்டியவர்கள் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும். பண்ணைகளில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகள் பலர், தங்களைச் சிறைவைத்த நாட்டின் குடும்பங்களுக்காகக் கடிவாளம் பிடித்தார்கள். கூரைக்குப் பதிலாகத் தரைவிரிப்புகளை வளைத்துக் கட்டிய வைக்கோல் வண்டிகளில் குழந்தைகளும் பாட்டிமார்களும் முடங்கிக் கிடந்தார்கள்.

அந்த வண்டிகளை இழுத்தவை கொம்பு முத்திரை பதித்த பெண் குதிரைகள். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். வசந்த காலத்தில் ஈனவேண்டியவை ஜனவரியில் நிறைசினையாக இருந்தன. அந்த வயிற்றோடுதான் அவை பனிக்கட்டியின் மேல் பாரவண்டியை இழுத்தன. பனிக்கட்டி உடைந்துவிடாமலிருக்க வண்டிகள் இடைவெளி விட்டுச் சென்றன. மேலிருந்து விமானங்கள் சுட்டன. குண்டு விழுந்த இடங்களில் பனி உடைந்து, வண்டியும் குதிரையும் மனிதர்களும் சேர்ந்தே மூழ்கினார்கள். பல இடங்களில் பனியின் மேல் தண்ணீர் தேங்கி, எங்கே பள்ளம், எங்கே தரை என்று தெரியவில்லை. தீவனமும் போதவில்லை. ஈன்ற குட்டிகள் வழியிலேயே இறந்தன.

வடமேற்கிலுள்ள ஹோல்ஸ்டைன் பகுதி வரை சென்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்தார்கள். இரண்டு மாதத்துக்கும் மேலான பயணம் அது. மரியான் டோன்ஹோஃப் என்ற பெண்மணி, ‘அலாரிக்’ என்ற தம் குதிரையில் ஏறி ஏழு வாரம் சவாரி செய்து வெஸ்ட்ஃபாலியாவை அடைந்தார். பிற்காலத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற வார இதழான ‘டி ட்சைட்’டின் ஆசிரியராக விளங்கியவர் அவர்தான்.

பல்லாயிரம் குதிரைகளில் மேற்கு ஜெர்மனியில் பின்னர் கண்டெடுக்கப்பட்டவை ஆயிரம் அளவில்தான். டிரக்கேனன் அரசுப் பண்ணையின் அசல் பெண் குதிரைகளில் மேற்கே மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அரண்மனைப் பண்ணையின் குதிரைகள் ரயிலில் போயும் கைநழுவின. உழவர் வீட்டுக் குதிரைகளோ நடந்தே வந்து சேர்ந்தன. லிண்டனாவ் பிரபு நல்ல வம்சத்தை விவசாயிகளின் தொழுவங்களுக்குத் திறந்துவிட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் விளங்கியது.

மீண்டும் ஒரு தொடக்கம்

வந்து சேர்ந்தவர்கள் அகதிகள். நிலமில்லை, வீடில்லை. தமக்கே உணவில்லாத நிலையில் குதிரைக்குத் தீவனம் எங்கே கிடைக்கும்? பலர் குதிரையை விற்றார்கள். பத்திரங்கள் தொலைந்து போனதால் எது எந்த வம்சம் என்று தெரியாமல் பல குதிரைகள் அந்நியத் தொழுவங்களில் கிடந்தன.

அப்போது கைகொடுத்தது தொடையில் இருந்த கொம்பு முத்திரை. கிழக்கு பிரஷ்யக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் பழைய நிர்வாகிகளான சீக்ஃபிரீட் ஷ்ரோட்டர் பிரபுவும் டாக்டர் ஃபிரிட்ஸ் ஷில்க்கேயும் சிதறிக் கிடந்த குதிரைகளைத் தேடிக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 1947 அக்டோபரில் ஹாம்பர்க் நகரில் டிரக்கேனர் சங்கம் நிறுவப்பட்டது. சில நூறு பெண் குதிரைகளும் சில பத்து ஆண் குதிரைகளும் புதிய பதிவேட்டில் ஏறின. ஹுன்னெஸ்ரூக், ரன்ட்சாவ், ஷ்மோல் ஆகிய இடங்களில் மந்தைகள் அமைக்கப்பட்டன. டிராக்டர் பரவி, குதிரைக்கு வேலையே இல்லாமல் போன 1950களை அவர்கள் பெரும் சிரமத்தோடு கடந்தார்கள். பின்னர் சவாரி விளையாட்டு வளர்ந்தது. டிரக்கேனருக்கும் வாழ்வு வந்தது. இப்போது ஹோல்ஸ்டைனிலுள்ள நோய்மூன்ஸ்டர் நகரில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் ஆண் குதிரைத் தேர்வும் ஏலமும் இந்த இனத்தின் பெரிய திருவிழா.

மற்ற இனங்களுக்கும் டிரக்கேனர் தன் இரத்தத்தைக் கொடுத்தது. போரிலிருந்து தப்பிய ‘அப்கிளான்ஸ்’ ஹனோவர் இனத்தையும், ‘யூல்மோன்ட்’ வூர்ட்டம்பர்க் இனத்தையும் மெருகேற்றின. 2010க்கு முன் டிரெசாஜ் உலகையே வியக்கவைத்த ‘டோட்டிலாஸ்’ என்ற டச்சுக் குதிரையின் தந்தை ‘கிரிபால்டி’ ஒரு டிரக்கேனர்தான்.

ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிளையும் வாழ்ந்தது. அங்கே பிறந்த ‘பெப்பெல்’ என்ற டிரக்கேனரில் ஏறி எலேனா பெட்டுஷ்கோவா 1970இல் டிரெசாஜ் உலகச் சாம்பியன் ஆனார்.

அப்துல்லாஹ்வும் தலேராவும்

நம் வாசகர்களின் காதுக்குப் பழக்கமான ஒரு பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. 1970இல் கனடாவில் பிறந்த சாம்பல் நிற டிரக்கேனர் ஒன்றுக்கு ‘அப்துல்லாஹ்’ என்று பெயர் வைத்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் கான்ராட் ஹோம்ஃபெல்டைச் சுமந்து, தடைதாண்டும் போட்டியில் அணிக்குத் தங்கமும் தனிநபர் பிரிவில் வெள்ளியும் வென்றது. மறு ஆண்டு உலகக் கோப்பையையும் வென்றது.

அண்மைக்காலத்தின் நட்சத்திரம் ‘தலேரா’ என்ற பெண் குதிரை. 2007இல் பிறந்த தலேரா, ஜெசிக்கா ஃபான் பிரெடோ வெர்ண்டல் என்ற ஜெர்மானிய வீராங்கனையுடன் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டிரெசாஜில் தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டையும் வென்றது.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு மரபு ஒளிந்திருக்கிறது. டிரக்கேனர் குட்டிக்குத் தாயின் பெயர் தொடங்கும் எழுத்திலேயே பெயர் வைக்கவேண்டும். அப்துல்லாஹ்வின் தாய் ‘அபீசா’. தலேராவின் தாய் ‘டார்க் மேஜிக்’. ஜெர்மன் எழுத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. இப்படித் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போனால் கிழக்கு பிரஷ்யாவின் தொழுவங்கள் வரை போய்ச் சேரலாம். பாலைவன பதூவிகளும் குதிரையின் வம்சத்தைத் தாய்வழியாகவே நினைவில் வைத்தார்கள். குஹைலான், ஸக்லாவி, உபைய்யான் என்ற அரபு வம்சப் பெயர்கள் அப்படித் தாயிடமிருந்து குட்டிக்கு வந்தவையே.

பிறந்த ஊர் இன்று

போருக்குப் பின் கிழக்கு பிரஷ்யா போலந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பிரிக்கப்பட்டது. டிரக்கேனன் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் மாகாணத்தில் ‘யஸ்னயா பொல்யானா’ என்ற பெயரில் இருக்கும் ஒரு கிராமம். பண்ணைத் தலைவரின் மாளிகை பள்ளிக்கூடமானது. டெம்பல்ஹூட்டரின் வெண்கலச் சிலை மாஸ்கோவின் குதிரை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பிரதி ஒன்று ஜெர்மனியின் ஃபெர்டன் நகரில் உள்ள குதிரை அருங்காட்சியகத்தின் முன் இருக்கிறது. மற்றொரு பிரதி 2013இல் பழைய டிரக்கேனனிலேயே நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் இப்போது குதிரைகளை அடையாளப்படுத்தத் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைப்பது சட்டம். ஆனாலும் இரட்டைக் கொம்பு இந்த இனத்தின் சின்னமாகத் தொடர்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. தூய இரத்தம், உயர்ந்த இனம் என்று மனிதர்களைப் பற்றிப் பெருமை பேசி, அந்தப் பெருமையினாலேயே உலகத்தைத் தீயில் தள்ளியது ஓர் ஆட்சி. அதே மண்ணின் தலைசிறந்த செல்வமான குதிரையோ கலப்பால் உருவானது. நாட்டுக் குதிரையின் பொறுமை, அரபுக் குதிரையின் உள்ளம், ஆங்கிலேயக் குதிரையின் வேகம் எல்லாம் சேர்ந்து பிறந்ததுதான் டிரக்கேனர். குதிரைக்குக்கூட வம்சம் மட்டும் போதவில்லை. ஓடிக் காட்டவேண்டியிருந்தது, இழுத்துக் காட்டவேண்டியிருந்தது. அப்படியிருக்க, மனிதன் பிறப்பை வைத்து உயர்வு தேடுவதில் என்ன நியாயம்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்றைக்கு மைதானங்களில் நளினமாக நடக்கும் இந்தக் குதிரைகளின் கொள்ளுப்பாட்டிகள், எந்தப் பரிசுக்காகவும் அல்லாமல், தம்மை வளர்த்த குடும்பங்களைச் சுமந்தபடி பனியில் நடந்தவை. வாயில்லா ஜீவன்கள் மனிதனுக்குச் செய்யும் உபகாரம் எத்தனை பெரியது! அவற்றின் மீது நாம் காட்டும் இரக்கம் அதற்கு ஈடாகாது. ஆனால் அதுவாவது நம்மிடம் குறையாமல் இருக்கட்டும்.